வால் நுனி விடுபட்ட படம்

பிடித்த பேனை நகத்தில் வைத்து நசுக்கப் போன நேரத்தில்தான் சடைச்சியின் வாலை யாரோ மிதித்தார்கள்.

ஒரு காட்டில், குளத்துக்கரை மருத மரத்தடியில், பிள்ளையை மடியில் போட்டுப் பேன் பார்த்துக்கொண்டிருந்த மந்திதான் சடைச்சி. மிதித்தவர் சிறுத்தையார். மிதித்ததோடு நிற்காமல் வாயையும் திறந்தார். சடைச்சி பிள்ளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கடி விழவில்லை.

"அண்ணே, அப்படியே இருங்க" என்று புதருக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. செவியன் என்கிற முயல். அவன் கழுத்தில் அவனைவிடப் பெரிய கேமரா தொங்கியது. ஜீப்பில் வந்து போனவர்கள் மறந்துவிட்ட சாமான் அது. பதினைந்து நாளாகச் சிறுத்தையாருக்கு அவன்தான் படக்காரன். அதனால்தான் உயிரோடும் இருந்தான். காட்டுக் குரூப்பில் புலியார் கொட்டாவி விட்ட படத்துக்கு இருநூறு லைக் விழுந்ததிலிருந்து, தான் வேட்டையாடுகிற படம் ஒன்று போடாமல் சிறுத்தையாருக்குத் தூக்கமே இல்லை. ஆனால் செவியன் பட்டனை அமுக்குவதற்குள் பாய்ச்சல் முடிந்துவிடும். இதுவரை படத்தில் விழுந்தது புல்லும், ஒரு தடவை அவன் காதும்.

"நடுவுல நிக்காதீங்கண்ணே. படத்தை மூணாப் பிரிச்சா நீங்க ஒரு ஓரத்துல வரணும்."

சிறுத்தையார் சடைச்சியை வாலோடு இழுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார்.

"வெயில் கூசுது. கொஞ்சம் இறங்கட்டும்."

"பசிக்குதுடா எனக்கு."

"பசிச்ச முகந்தான்ணே படத்துக்குக் களை."

சடைச்சி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவள்தான். ஆனால் திமிறுகிற பிள்ளைக்கு எதையாவது சொல்லி உட்காரவைத்துப் பேன் பார்த்தவள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றாள் மெதுவாக. "மீசையில நேத்தைய ரத்தம் காஞ்சு கெடக்கு. நல்ல நாளும் அதுவுமா இப்படியேவா படத்துக்கு நிப்பாங்க?"

சிறுத்தையாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. முகம் கழுவ, வால் மேலிருந்த காலை எடுத்துக் குளத்துப் பக்கம் வைத்தார். அடுத்த மூச்சில் சடைச்சி பிள்ளையோடு கிளையில் இருந்தாள்.

அப்போதுதான் செவியன் பட்டனை அமுக்கினான்.

படத்தில் ஒரு குளமும் சிறுத்தையாரின் பின்பக்கமும் இருந்தன.

"நேரம் கொஞ்சம் தப்பிடுச்சுண்ணே. ஆனா கரெக்டா ஓரத்துல நிக்கிறீங்க" என்றான் செவியன். அதுதான் அவன் கடைசிப் பேச்சு.

சிறுத்தையார் பாய்ந்த வேகத்தில் கேமரா எகிறிக் கிளையில் மாட்டியது. சடைச்சி அதை எட்டி எடுத்தாள். சிறுத்தையாருக்கு ஒரு முயல் பல்லிடுக்குக்குக் காணாது, மரமேறவும் தெரியும். அடுத்து யார் என்று அவளுக்குத் தெரியாதா? வாயில் செவியன் தொங்க, வெயில் மீசையில் பட, அவர் அண்ணாந்து அவளைப் பார்த்தார். ஓடுகிற பேன் ஒரு நொடி நிற்கும், அப்போது அமுக்க வேண்டும். சடைச்சி அமுக்கினாள்.

கிளையில் இருந்தபடியே படத்தைக் கீழே திருப்பிக் காட்டினாள். சிறுத்தையார் செவியனைக் கீழே போட்டுவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"நானா இது?" என்றார். பிறகு முகம் சுருங்கியது. "வால் நுனி மட்டும் வெளிய போயிடுச்சே."

"ஆமாண்ணே. நாளைக்குச் சரியா எடுத்துடலாம்."

படத்துக்கு முந்நூறு லைக். செவியன் வீட்டாரும் ஒன்று போட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து சடைச்சிதான் படக்காரி. ஒருநாள் வால் நுனி விடுபடும், ஒருநாள் காது, ஒருநாள் பின்னங்கால்.

"ஏம்மா, முழுசா எடுக்கத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டது பிள்ளை.

அதன் தலையைக் கோதியபடி சடைச்சி சொன்னாள்.

நீதி: "படம் மோசமா வந்தா எடுத்தவளைத் தின்பாங்க. முழுசா நல்லா வந்துட்டாலும், இனி இவ எதுக்குன்னு தின்பாங்க. அதனால தெனமும் ஒரு சின்னக் குறையை வெச்சு, அதை நாளைக்கு..." "சடைச்சி, வெயில் போகுது, வர்றியா இல்லையா?" என்று கீழேயிருந்து சிறுத்தையார் கூப்பிட்டார். "இதோ வரேண்ணே, பிள்ளைக்கு ஒரே ஒரு பேன் மட்டும் பாக்கி..."