மச்சான் கையெழுத்து

ஸ்டாம்ப் பேடு மையின் வாசம் பட்டால் போதும், இன்றும் இரண்டடி பின்வாங்கிவிடுகிறேன். மற்றவர்களுக்கு அது மை. எனக்கு அது சிறைக்கதவின் நெடி.

என் மனைவியின் அண்ணன் இடுப்பெலும்பு முறிந்து சத்தியமங்கலத்தில் படுத்த படுக்கையாகிவிட்டார். அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமானால் அவருடைய ஒரு ஏக்கர் மானாவாரிக் காட்டை விற்றாக வேண்டும். அவருக்குப் பதிலாக விற்றுத் தர எனக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவர் உயிரோடு இருந்தால்தான் பவர் செல்லும் என்பதால், அதற்கு மருத்துவர் எழுதிய சான்றும் தயார். குறையென்று ஒன்றுமில்லை, என்னைத் தவிர.

மச்சான் நிலத்துப் பத்திரத்தில் என் பெயரைக் கிறுக்கினால் ஊர் என்ன பேசும்? தங்கச்சி புருசன் காட்டை அமுக்கிவிட்டான் என்று பேசும். அந்தப் பயத்தில், மரியாதையாகவும் இருக்கட்டுமென்று, மச்சான் கையெழுத்தையே போட்டுவிடத் தீர்மானித்தேன். கொடி போல வளைந்து, கடைசியில் வால் சுழற்றும் கையெழுத்து. ஒரு வாரம் பழகினேன். (கவிதைக்குக்கூட அவ்வளவு உழைத்ததில்லை.) பத்திர எழுத்தர் ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில் எல்லாப் பக்கங்களிலும் அந்தக் கொடியைப் படரவிட்டேன்.

சார்பதிவாளர் அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க, இது யாரு கையெழுத்துங்க?"

"மச்சானோடதுங்க."

"அவரு வந்திருக்காருங்களா?"

"இல்லீங்க. எந்திரிக்கவே முடியாதுங்க."

"மை இன்னும் காயலீங்களே."

"அவரு மாதிரியே நான் போட்டனுங்க. வித்தியாசமே தெரியாதுங்க." (இது என் தற்காப்பு வாதம்.)

அவர் மேசை மணியை அழுத்தினார். போலீஸ்தான். மின்விசிறிகூடக் காக்கியாகச் சுற்றியது. மச்சான் இடுப்பும் போச்சு, நானும் போனேன். வந்தவர் தேநீர் வைத்துவிட்டுப் போனார்.

"பவர்னா நீங்க அவராயிர முடியாதுங்க. ஏஜென்டுன்னு சொல்லி, அவருக்காக உங்க கையெழுத்தத்தான் போடோணும். அவரு கையெழுத்த நீங்க போட்டா அதுக்குப் பேரு போர்ஜரி. இன்னும் பதிவாகல, பொழச்சீங்க. வேற பத்திரம் அடிச்சுட்டு வாங்க."

புதுப் பத்திரம் வந்தது. என் பெயரைப் போட்டேன். ஒரு வாரப் பழக்கம் விடவில்லை. கை தானாக வால் சுழற்றியது. அந்த அம்மா பவர் பத்திரத்தை எடுத்து, அதிலிருந்த என் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டார்.

"இதுவும் உங்களுது இல்லீங்களா?"

"தெரியலீங்க," என்றேன், நிஜமாகவே.

வியர்த்த கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து ரேகை இயந்திரத்தில் வைத்தேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, நான் நான்தான் என்று அது ஒப்புக்கொண்டது. பிறகு அந்த அம்மா என்னைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வால் இல்லாமல் போட வைத்தார். காடு கைமாறியது.

இப்போதும் கூரியர்க்காரர் கையெழுத்துக் கேட்டால் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "ஏனுங்க, இன்னைக்கு யாருங்க நீங்க?" இந்தக் கேலியைத் தொடங்கி வைத்தவர் மச்சான்தான். அறுவை அரங்கத்துக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது கட்டிலை நிறுத்தச் சொல்லி, என் கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ள, எனக்குப் பதிலா உள்ளயும் நீங்களே போய்ப் படுத்துக்கறீங்களா?"