லானுக்கு ஒரு கிடை

“ஏங்க, இது புல்லா, வைக்கோலா?”

நர்கீஸ் வாசலில் நின்று கேட்டாள். கணவர் அஸ்பாக் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிப் பார்த்தார். வீட்டு முன்னால் இருந்த லான், நடுவில் சொட்டையும் ஓரத்தில் மஞ்சளுமாகக் கிடந்தது.

திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்து, பழனி ரோட்டில் புது வீடு கட்டியவர் அஸ்பாக். வீட்டை விட லான்தான் அவருக்குப் பெருமை. வீடு யார் வேண்டுமானாலும் கட்டலாம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் புல் வளர்ப்பதற்குத் தனித் தெம்பு வேண்டும்.

லான் போட்ட புதிதில் எடுத்த போட்டோவை நர்கீஸ் ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்பியிருந்தாள். அங்கே காய்கறி மொத்த வியாபாரி ஜெகபர் அலியின் மகனுக்கு இவர்களுடைய மகள் ரிஃபாத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரிஃபாத்துக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெகபர் அலியும் அவர் மனைவி சைதூனும் நேரில் வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

“லான்லயே உக்காந்து டீ குடிக்கலாம்னு அந்தம்மாகிட்ட பெருமையா சொல்லித் தொலைச்சுட்டேன். ரெண்டு கை யூரியா போடுங்க, பச்சைக்கு வந்துரும்.”

“யூரியாவா? அது விசம். மண்ணு செத்துப்போகும்.”

அஸ்பாக் புதிதாக ஓர் இயற்கை உர வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்திருந்தார். அதில் முக்கால்வாசிப் பேருக்கு நிலமே கிடையாது. அதனால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து, நன்றாக நொதித்த பிறகு, தண்ணீரில் சில சொட்டுகள் கலந்து தெளிக்க வேண்டும் என்று குழுவில் போட்டிருந்தார்கள். நொதிக்க வாரக்கணக்கில் ஆகும். அஸ்பாக்கிடம் ஒரு வாரம்கூட இல்லை. மறுநாளே வாளியோடு ஊற்றினார். தண்ணீர் கலந்தால் சத்து போய்விடும் என்று அவராகவே ஒரு முடிவுக்கும் வந்திருந்தார்.

ரிஃபாத் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

“அத்தா, என்னத்தா இம்புட்டு நாத்தம்?”

“நாத்தமா? எங்க?”

உண்மையாகத்தான் கேட்டார். வாழ்நாளைப் பச்சைத் தோல் கிடங்கில் கழித்த மூக்கு அது. மல்லிகையும் மீன் தலையும் அதற்கு ஒன்றுதான்.

தெருப் பூனைகளுக்கு மூக்கு நன்றாக வேலை செய்தது. சாயங்காலத்துக்குள் பூனைகள் லானைத் தோண்டின. பூனைகளைத் துரத்தி வந்த நாய்கள் மிச்சத்தைத் தோண்டின.

“புல்லு வளக்குறீங்களா, கிணறு வெட்டுறீங்களா?” என்றாள் நர்கீஸ்.

அஸ்பாக் அசரவில்லை. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் குழிகளில் திணித்தார். அந்த வாசத்துக்குப் பெருச்சாளிகள் வந்தன. பூனைகள் மேலாகத் தோண்டி நிறுத்திய இடத்திலிருந்து அவை ஆழமாகத் தொடங்கின.

“இப்பவாவது யூரியா…”

“பேசாத நர்கீஸ். இயற்கைக்குப் பொறுமை வேணும்.”

“இயற்கைக்குப் பொறுமை இருக்குங்க. ஞாயித்துக்கிழமைக்கு இல்லையே!”

சனிக்கிழமை காலை அஸ்பாக் வீட்டுக்குப் பின்னால் இருந்த காமராஜின் தோட்டத்துக்குப் போனார். கத்தரிச் செடிகள் கரும்பச்சையில் நின்றன. பார்க்கவே அவருக்கு எரிந்தது.

“காமராசு, உன் தோட்டம் மட்டும் எப்படிப்பா இப்படி இருக்கு?”

“நடுறதுக்கு முன்னாடி கிடை போட்டேன் பாய். ராத்திரி பூரா ஆட்டு மந்தையை நிலத்துல அடைச்சு வச்சா, அதுக போடுற புழுக்கையும் மூத்திரமும் போதும். வேற உரமே வேணாம்.”

“இயற்கைதான?”

“ஆட்டுப் புழுக்கைய விட இயற்கை என்ன இருக்கு? தொப்பம்பட்டி ஆளு அய்யனாருன்னு ஒருத்தன், மந்தையோட இங்கன பாலத்துக்கிட்டதான் கெடக்கான். ஆனா பாய், கிடைங்கிறது வெறும்…”

‘தரையில போடுறது’ என்று காமராஜ் முடிப்பதற்குள் அஸ்பாக் பாலத்தை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தார்.

அய்யனார் வந்து லானைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“ஏனுங்க, இதுலயா அடைக்கோணும்?”

“ஆமா.”

“புல்லு இருக்குதுங்களே.”

“அந்தப் புல்லுக்குத்தான்பா உரம்.”

அய்யனார் அன்று இரவே மந்தையை உள்ளே ஓட்டினான். நாலு பக்கமும் சுவர், பூட்டுகிற கேட், உள்ளே தீனி. இப்படி ஓர் இடம் அவன் பிழைப்பில் அமைந்ததே இல்லை.

ஞாயிறு காலை நர்கீஸ் கதவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

புல் இருந்த இடத்தில் புழுக்கை இருந்தது. வேர்கூட மிச்சமில்லை. மூலையில் நின்ற செம்பருத்தியை ஒரு கிடா நிதானமாக மென்றுகொண்டிருந்தது. ஆடு கொடுக்கும் என்றுதான் அஸ்பாக் கேள்விப்பட்டிருந்தார். அது முதலில் எடுத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

“எங்கங்க அந்த ஆட்டுக்காரன்?”

“டீ குடிக்கப் போயிருக்கான். வந்ததும் ஓட்டிருவான். அவங்க மதியந்தான வர்றாங்க?”

கேட்டுக்கு வெளியே கார் ஹாரன் அடித்தது.

ஜெகபர் அலி இறங்கினார். பின்னால் இறங்கிய சைதூன் முந்தானையால் மூக்கை மூடினாள். அவள் மூக்கை மூடியதை ஜன்னல் வழியாகப் பார்த்த ரிஃபாத், தன் கல்யாணப் பேச்சு முறிந்துவிட்டது என்று கட்டிலில் போய் விழுந்தாள்.

ஜெகபர் அலி நேராக ஆடுகளுக்கு நடுவில் போனார். ஒன்றின் முதுகை அழுத்திப் பார்த்தார். இன்னொன்றின் தொடையைத் தட்டினார்.

“அம்புட்டும் உங்க ஆடா பாய்?”

உண்மையைச் சொல்லத்தான் அஸ்பாக் வாயைத் திறந்தார். ‘லானுக்கு உரம் போட ஆடு அடைத்தேன்’ என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பைத்தியக்காரன் பேச்சாக இருந்தது.

“ஆமா… நம்ம ஆடுதான்.”

“கல்யாண விருந்துக்கா?”

“பின்ன? விருந்துக்குத்தான்.”

ஜெகபர் அலி அவரை இறுகக் கட்டிப்பிடித்தார்.

“அந்த லான் போட்டோவப் பாத்ததுல இருந்து எனக்கு நிம்மதியே இல்லைங்க. புல்லு வளக்குற வீட்டுல சம்பந்தம் பண்ணுனா, பந்தியிலயும் புல்லையே வெட்டிப் போட்டு சாலட்டுன்னு சொல்லிருவாங்களோன்னு பயந்துட்டேன். ஏ சைதூனு, பாத்தியா? நாம சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே ஆட்டைக் கொண்டாந்து அடைச்சுட்டாரு. மனுசன்னா இவருதான்!”

சைதூன் முந்தானையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். “ஆடு நிக்கிற வீடு நாறத்தான செய்யும்?” என்றாள்.

சம்பந்தம் முடிவானது. ரிஃபாத் முகத்தைக் கழுவிக்கொண்டு டீ கொண்டுவந்தாள். சொன்னபடியே எல்லோரும் லானில் வைத்துத்தான் டீ குடித்தார்கள். லான்தான் இல்லை.

“நல்லா தீனி போட்டு வளத்திருக்கீங்க சம்பந்தி. நானும் கொஞ்சம் ஆடு வாங்கி, குட்டியில ஆளுக்குப் பாதின்னு ஒருத்தன்கிட்ட மேய்க்க விட்டிருக்கேன். வாங்குனதோட சரி, போய்ப் பாக்க நேரமில்லை. சீக்கு வந்து முக்காவாசி செத்துருச்சுன்னு போன்லயே அழுவுறான்.”

“அடுத்தவன நம்பி விட்டா அப்படித்தான் சம்பந்தி,” என்றார் அஸ்பாக். “இதெல்லாம் குட்டியில இருந்து நானே பாத்துப் பாத்து வளத்தது.”

பொய்க்கு எந்த உரமும் தேவைப்படுவதில்லை.

கேட் திறந்தது. அய்யனார் பீடியோடு உள்ளே வந்தான். ஜெகபர் அலியைப் பார்த்ததும் பீடி கீழே விழுந்தது.

“ஜெகபர் முதலாளி, கோவிச்சுக்காதீங்க… நம்ம ஆடுக சாகாம இங்க கிடை கெடக்குதுன்னு அதுக்குள்ள உங்களுக்கு யாருங்க சொன்னது?”