நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு சுஜாதா அந்தத் தடித்த நாவலைத் திறந்தாள். கணவர் அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட் முந்நூற்றொன்றாம் பக்கத்தில் இருந்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

வாரத்துக்கு இருபத்தைந்து பக்கம். ஐந்து ஞாயிறுகூட வராது.

அவள் கணவர் பிரபாகர் நூலக வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எங்கே கையெழுத்துப் போட்டாலும் நேரம் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார்.

அதற்குள் சுஜாதா டிக்கெட்டை உருவி இருநூற்று எண்பத்தொன்றில் வைத்தாள். புத்தகத்தை மூடினாள்.

ஏப்ரலில் ஆரம்பித்த விஷயம் இது. ஆறாவது படிக்கும் மகள் வெண்ணிலா பள்ளியிலிருந்து படிவம் கொண்டுவந்தாள். வீட்டில் எல்லோரும் ஏற்காடு கிளை நூலகத்தில் உறுப்பினராக வேண்டுமாம். பிரபாகர் முடியாது என்றார். அவள் அழவில்லை. படிவத்தை அவருடைய டிபன் பாக்ஸுக்குள் வைத்து அனுப்பினாள். சாம்பார் பட்ட படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

முதல் ஞாயிறு, கைக்கு எட்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கப்பலில் ஒரு கொலை. பதினொரு மணிக்கு நூலகம் மூடும்போது எழுந்து சொன்னார்:

"இந்தப் புக்கு முடியற வரைக்கும் வாரேன். அப்பறம் ஞாயித்துக்கிழமைல என்னைய யாரும் கூப்பிடக் கூடாது."

பிரபாகர் சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் ஒரு நாள், காபியில் சர்க்கரை அதிகம் என்று கோபித்து, இனிமேல் சர்க்கரையே வேண்டாம் என்றார். பதின்மூன்று வருடமாகக் கசப்புக் காபி குடிக்கிறார். ஒவ்வொரு வாய்க்கும் முகம் கோணும்.

வீட்டில் பேசத் தடை ஏதும் இல்லை. ஆனாலும் மூவரும் பேசுவதில்லை. நூலகத்தில் பேசக் கூடாது. திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சமையல்காரன்தான் கொன்னிருப்பான்" என்றார் பிரபாகர்.

"போன வாரம் டாக்டருன்னீங்க" என்றாள் வெண்ணிலா.

"டாக்டரு அழுதுட்டானே, கண்ணு."

"கொன்னவனும் அழுவானுங்கப்பா. அப்பத்தானே சந்தேகம் வராது."

முன் சீட்டு அம்மாள் திரும்பினார். "ஏனுங்க, யாரு செத்துட்டாங்க?"

அன்று வீடு வரை சிரித்தார்கள். சுஜாதா பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இது நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முடிந்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால்தான் டிக்கெட்டை நகர்த்தினாள்.

பிரபாகர் கண்டுபிடிக்கவில்லை. படித்த இருபது பக்கத்தை மறுபடி படித்தார். அடுத்த வாரமும் நகர்த்தினாள். அப்போதும் படித்தார். எஸ்டேட் கிடங்கில் ஒரு மூட்டை மிளகு இடம் மாறினால் வாசலிலிருந்தே சொல்லிவிடுகிற மனிதர். சுஜாதாவுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

எதிரே உட்கார்ந்து அவரைப் பார்ப்பாள். இத்தனை வருடத்தில் அவர் முகத்தை இவ்வளவு நேரம் பார்க்க வாய்த்ததில்லை. அவள் கையிலிருந்த தோட்டக்கலை இதழ் ஒரு மாதமாக ஒரே பக்கத்தில் இருந்தது.

வெண்ணிலாதான் கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு மறதி வந்துருச்சாம்மா?"

"ஏன் சாமி?"

"கப்பல்ல புயல் வந்ததை மூணாவது தடவை சொல்றாரு. மூணு தடவையும் புதுசாவே சொல்றாரு. கீழ சேலத்துல டாக்டருகிட்ட காட்டலாமுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நொம்ப வேல. அதான்."

வெண்ணிலா சமாதானமாகவில்லை. நோட்டு ஒன்றில் பக்க எண்ணைக் குறிக்க ஆரம்பித்தாள். அடுத்த ஞாயிறு பிரபாகர் புத்தகத்தைத் திறந்ததும் அருகில் வந்து நின்றாள்.

"அப்பா, போன வாரம் முந்நூத்திப் பதினொண்ணுல விட்டீங்க. டிக்கெட்டு இருநூத்தித் தொண்ணூத்தொண்ணுல இருக்குது."

பிரபாகர் மகளைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"எழுதியா வெச்சிருக்கே?"

"இனிமே எல்லா வாரமும் எழுதுவேனுங்கப்பா. நீங்க கவலப்படாதீங்க."

"நல்ல பழக்கம்" என்றார். குரல் அப்படிச் சொல்லவில்லை.

அன்று முந்நூற்று முப்பத்தாறு. அடுத்த வாரம் முந்நூற்று அறுபத்தொன்று. மீதி ஐம்பத்தொரு பக்கம். இரண்டு ஞாயிறு.

அன்று கிளம்பும்போது சுஜாதா நாவலை முந்தானைக்குள் வைத்து, கடைசி அலமாரிக்குப் போய், இறால் வளர்ப்பு என்ற புத்தகத்துக்குப் பின்னால் தள்ளினாள். மலைமேல் இறால் வளர்ப்பவர் யாரும் இல்லை. திரும்பும்போது நூலகர் காவேரி அங்கே நின்றிருந்தார்.

"அந்தப் பக்கம் எதுனா வேணுங்களாக்கா?"

"இறாலு" என்றாள் சுஜாதா. "சும்மா பாத்தேனுங்க."

அடுத்த ஞாயிறு பிரபாகர் நாவலைத் தேடினார். மேல் தட்டு, கீழ் தட்டு, மேஜைக்கு அடியில், தினசரிகளின் நடுவில். கடைசியில் காவேரியிடம் வந்தார்.

"அந்தக் கப்பல் புக்கைக் காணோமுங்க."

"அதுங்களா? அதைத்தான் நீங்க..."

பிரபாகர் அவரைப் பார்த்தார். காவேரி பாதியில் நிறுத்தினார். சுஜாதா தலையைக் குனிந்துகொண்டாள். இறால் அலமாரிப் பக்கம் நின்றதைச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

"வேற புக்கு எடுங்கப்பா" என்றாள் வெண்ணிலா. "எத்தனை இருக்குது."

"இந்தப் புக்குன்னுதானே கண்ணு சொன்னேன்." பிரபாகர் வெறும் கையோடு நடுவில் நின்றார். "புக்கே இல்லீனா நான் எதுக்கு வாரது?"

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

இரண்டு ஞாயிறு மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சுஜாதா கடைசி அலமாரிக்கு ஓடினாள். நாவல் இல்லை. இறாலும் இல்லை. அலமாரியே காலியாக இருந்தது.

"அதெல்லாம் பத்து வருசமா யாரும் தொடாத புக்குங்கக்கா" என்றார் காவேரி. "கட்டிப்போட்டுட்டோம். மத்தியானம் வண்டி வருது, சேலத்துக்குப் போகுது."

"அதுல கலந்திருக்குமுங்களா?"

"கப்பல் புக்கு எப்படீங்க இறால்ல கலக்கும்?"

"ரெண்டும் கடல்தானுங்களே" என்றாள் சுஜாதா.

காவேரி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு கத்தரியை எடுத்துக் கொடுத்தார்.

பதினான்கு கட்டுகள். பிரபாகர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். எஸ்டேட்டில் ஒரு மூட்டையைக்கூடத் தன் கையால் நகர்த்தாதவர், ஒவ்வொரு கட்டாக இழுத்துப் பிரித்தார். வெண்ணிலா தும்மினாள். தினசரி படித்துக்கொண்டிருந்த பெரியவர் "உஷ்" என்றார். மறுபடி தும்மினாள். அவரும் தும்மினார்.

பதின்மூன்றாவது கட்டில் கிடைத்தது.

"இருக்குதுங்கப்பா!"

பிரபாகர் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்தார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கையில் பிடித்துக்கொண்டார். டிக்கெட் அதே இடத்தில் இருந்தது.

"மணி பத்து அம்பது" என்றார். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அவசரமில்லீங்க சார்" என்றார் காவேரி. "நான் கட்டெல்லாம் திருப்பிக் கட்டோணும். பன்னெண்டரை வரைக்கும் தொறந்துதான் இருக்கும்."

"அப்படீன்னா இன்னைக்கே முடிச்சுடலாமுங்கப்பா!" வெண்ணிலா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

பிரபாகர் உட்கார்ந்தார். முந்நூற்று அறுபத்தொன்றைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

சுஜாதா காவேரிக்குக் கயிறு பிடித்துக் கொடுத்தாள். மூன்று கட்டு முடிந்தது. நாற்காலிகள் இருந்த பக்கத்திலிருந்து தாள் திரும்பும் சத்தம் வந்தது. இன்னொன்று. நான்காவது கட்டில் முடிச்சுப் போடும்போது அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"நான்தானுங்க ஒளிச்சு வெச்சேன்" என்றாள் மெதுவாக. "டிக்கெட்டை நகத்துனதும் நான்தான். இந்தப் புக்கு முடிஞ்சுதுன்னா அவரு அப்பறம் வரவே மாட்டாரு. சொன்னா சொன்னதுதான் அவருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊட்டுல யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

காவேரி கயிற்றைக் கீழே வைத்தார். மேஜைக்குப் போய் இரவல் பதிவேட்டைக் கொண்டுவந்தார். ஜூன் மாதப் பக்கத்தைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார். நாவலின் பெயர். அதற்கு எதிரே, ஒவ்வொரு எழுத்தையும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போன ஒரு கையெழுத்து.

"எஸ்டேட் ஆபீசுக்குக் கொண்டுபோயி மூணே நாளுல கடைசிப் பக்கம் வரைக்கும் முடிச்சுட்டு, 'ஊட்டுல யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க'ன்னு அவரும் இதே எடத்துல நின்னுதானுங்கக்கா சொன்னாரு, இப்ப நான் யாருகிட்டச் சொல்லாம இருக்கறது?"