பத்துக்குப் பன்னிரண்டு

தாராவி, பம்பாய்
ஜனவரி 1989

மேலப்பாளையம் கரீம் பாட்சா சம்பந்தி அவர்களுக்கு, தோல் பை தைக்கும் ஜெயினுலாப்தீனின் அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு யாவரும் சுகம். அங்கு தாங்களும் வீட்டாரும், எங்களுக்கு மருமகளாக வரப்போகும் நஸீராவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, தங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நஸீராவுக்கு ஏழடிக்கு ஏழடி தேக்குக் கட்டில் செய்து லாரியில் ஏற்றப்போவதாகவும், நிக்காஹ் முடிந்து உங்கள் ஆட்கள் நாற்பது பேர் எங்கள் ஹாலிலேயே தங்கிக்கொள்வார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஹால் நாங்கள் அனுப்பிய படத்தில்தான் இருக்கிறது சம்பந்தி, வீட்டில் கிடையாது. வீடு எவ்வளவு பெரிது என்று நீங்கள் கேட்டதும், மாப்பிள்ளையாகப் போகிற மகன் ஜமால் வேலை பார்க்கும் கட்டட ஆபீசில் படம் வரைகிற கம்ப்யூட்டர் வந்திருக்கிறதே, அதில் ஜோராகப் போட்டு அனுப்புவோம் என்று ஆசைப்பட்டு, “பத்துக்குப் பன்னிரண்டு” என்று அவனிடம் சொன்னேன். தாராவியில் யாரும் அதற்கு மேல் சொல்வதில்லை. ரோட்டுக்கே தொண்ணூறு அடி ரோடு என்று பேர் வைத்திருக்கிற இடத்தில் அடி என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா? ஆனால் ஆபீஸ் கணக்கெல்லாம் மீட்டராம். பத்து மீட்டர், பன்னிரண்டு மீட்டர் என்று அச்சாகிவிட்டது.

என்னலே இது என்று கேட்டால், “கம்ப்யூட்டருக்கு அடியும் தெரியாது, மீட்டரும் தெரியாது வாப்பா. நாம குடுக்குற நம்பர்தான் அதுக்கு. யூனிட்ட மாத்த மறந்துட்டேன், சல்தா ஹை, பரவால்ல” என்கிறான். சரி, படத்தில் வாசலில் கார் எப்படி வந்தது, மரம் எப்படி முளைத்தது? “அதெல்லாம் அதுக்குள்ள ரெடியா கெடக்கும். படம் மொட்டையா இருந்துச்சேன்னு எடுத்து வச்சேன்.” நீங்களோ, நூறில் ஒரு பங்கு என்று கீழே போட்டிருந்ததைப் பார்த்து, ஓவர்சியர் பிரம்மநாயகத்தை அளக்கச் சொல்லி, முப்பத்துமூன்று அடிக்கு நாற்பதடி வீடு என்று ஜமாத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள். எங்கள் வாசலில் சாக்கடையை மூடிய பலகைதான் இருக்கிறது. “மரத்தப் பாத்துல்லா பொண்ணு குடுக்காவ, இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ்வொ முன்னால நிப்பேன்?” என்று என் வீட்டுக்காரி மதீனா பீவி அழுகிறாள்.

ஆகவே கட்டிலை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். பெண்ணைத் தர மனமில்லை என்றால் சொல்லிவிடுங்கள். வருத்தப்பட மாட்டோம் என்று பொய் எழுதமாட்டேன், ரொம்பவே வருத்தப்படுவோம். திருத்திய படம் இத்துடன் இருக்கிறது. அதை மட்டும் நம்புங்கள்.

பெரியவர்களுக்கு சலாமும் பிள்ளைகளுக்கு துஆவும் சொல்லுங்கள். ஓவர்சியருக்கும் சொல்லுங்கள், அவர் மேல் தப்பில்லை.

இன்னும் தங்கள் சம்பந்திதான் என்ற நம்பிக்கையில்,
ஜெயினுலாப்தீன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் திருத்திய படத்தைப் பார்த்தேன். பத்து மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர். கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பதில், பை தைக்கும் நூலைச் சுவருக்குச் சுவர் பிடித்து வெட்டி வைத்திருக்கிறேன். இதுதான் வீட்டின் நீளம், சுருக்காத அளவு. தரையில் நீட்டிப் போட்டு, நஸீராவையே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்குச் சம்மதம் என்றால் கட்டிலையும் ஏற்றிவிடுங்கள். நூலில் முடிச்சு போட்டிருக்கும் இடம் வரை கட்டில். மிச்சத்தில் நானும் மதீனா பீவியும் இருந்துகொள்வோம்.