நூறு வாட் மனிதர்

இந்த வீட்டுக்குள் ஒரு ஹீட்டர் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று பாய்லர்காரர் சபதம் போட்டு, இது மூன்றாவது குளிர்காலம். இதுவரை ஹீட்டரும் வரவில்லை, அவரும் போகவில்லை. குளிர் மட்டும் வந்து, வாடகை தராத ஆள் மாதிரி எல்லா அறையிலும் உட்கார்ந்திருந்தது. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. உலர்த்திய துணி உலரவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

சபதத்துக்குக் காரணம் உண்டு. தலை நரைக்கிற வரைக்கும் அவர் ஆஸ்பத்திரி பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். நோயாளிகளின் போர்வை வெளுக்கவும், கத்தி கத்தரி சுத்தமாகவும் அவர் கொடுத்த நீராவிதான். பிறகு ஒரு நாள் நிர்வாகம் மின்சார மெஷின்களை வாங்கிச் சுவரில் மாட்டியது. ஒரு பொத்தானை அமுக்கினால் வெந்நீர். பாய்லர் ஆறியது. அவரையும் கை குலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த மெஷின்களை விற்றது யார் என்பதுதான் வயிற்றெரிச்சல். சகலை. மனைவியின் தங்கை புருஷன். மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அறுந்தது. தங்கை வீடு அடுத்த தெருவில்தான். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் அந்த வீட்டு மொட்டைமாடி ஜன்னல் வழியாகத் தெரியும். மனைவி அதைப் பார்த்துக்கொண்டேதான் ஊராருக்கு ரவிக்கை தைத்தாள். போகட்டுமா என்று கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் வீட்டில் பெரிய சத்தமாக இருந்தது. மகளும் கல்யாணமாகித் தூர தேசம் போய்விட்டாள். மிச்சமிருந்த இரண்டு பேரும் சாப்பிட்டாயா, கதவைச் சாத்தினாயா என்ற அளவில் குடும்பம் நடத்தினார்கள்.

இந்தக் குளிரில் அவள் முழங்கால் மடங்க மறுத்தது. அறையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அன்று சாயங்காலம் அவள் பேச்சை ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒரு சின்ன ஹீட்டர்..."

பாய்லர்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை போனதிலிருந்து அவரிடம் யாரும் சூட்டைப் பற்றிக் கேட்டதே இல்லை. மறுக்கப் போகிற சந்தோஷத்தில் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"ஹீட்டர்ங்கறது முட்டாள்தனம். எங்கேயோ ஒருத்தன் கரியை எரிச்சுத் தண்ணியைச் சுட வைக்கறான். அதுல சக்கரத்தைச் சுத்திக் கரண்ட் எடுக்கறான். அது கம்பியில இத்தனை தூரம் வந்து, மறுபடியும் சூடாகணுமாம். ஒரு யூனிட் கரண்ட்டுன்னா எவ்வளவு சூடு தெரியுமா? எண்ணூத்தி அறுபது கிலோ கலோரி. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு கலோரி கூட வராது."

"எனக்கு அங்குலம் சென்டிமீட்டர்தான் தெரியும்."

"அதே மாதிரிதான் இதுவும். ஒரே துணி, ரெண்டு டேப். நீ ஒரு நாளைக்குச் சாப்பிடறது ரெண்டாயிரம் கிலோ கலோரின்னு வை. எண்ணூத்தி அறுபதால வகு. ரெண்டேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. அதை நாள் பூராவுக்கும் பிரிச்சா, கிட்டத்தட்ட நூறு வாட். மனுஷன்னா நூறு வாட் ஹீட்டர். இதுக்கு மேல ஒண்ணு எதுக்கு?"

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். இந்த அறைக்கு எத்தனை வாட் வேண்டும் என்று கேட்டாள். அவர் சுவரையும் ஜன்னலையும் அளந்து பார்த்து, ஆயிரம் என்றார்.

"நாம ரெண்டு பேர் இருநூறு. மீதி?"

"மீதி எட்டு பேரைக் கூட்டிட்டு வந்து உட்கார வை. ஹீட்டரே வேண்டாம். கணக்குப்படி வந்தா நான் வாயே திறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் தன் சாமர்த்தியத்தில் தானே சிரித்துக்கொண்டார். அவளும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நூலைக் கோத்துக்கொண்டே, சின்னக் குழந்தை என்றால் பாதிக் கணக்கா என்று விசாரித்தாள். சும்மா இருக்கும் குழந்தைக்குத்தான் பாதி, ஓடி விளையாடுகிற குழந்தையை முழுசாகவே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் விளக்கினார். இவ்வளவு அக்கறையாக அவள் அவரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அன்று இரண்டு போர்வைக்குள் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்து கடையிலிருந்து திரும்பியவர், வாசலில் ஒரு குவியல் செருப்பைப் பார்த்தார். கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துப் போட்டுப் பார்த்தால் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கட்டிலில் தங்கை. பக்கத்தில் அவளுடைய இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். மேஜையைச் சுற்றி இரண்டு பேரக்குழந்தைகள் முழுக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய நாற்காலியில், அவருடைய நாற்காலியிலேயே, சகலை.

"நல்லா இருக்கீங்களா அத்தான்?" என்றாள் தங்கை. அவள் கண் கலங்கியிருந்தது.

"எட்டு பேர்," என்றாள் மனைவி. "எண்ணிப் பாத்துக்குங்க."

அவர் எண்ணவில்லை. பாய்லர் அறையிலிருந்து விடைபெறும்போது கொண்டுவந்த வெப்பமானி சுவரில் தொங்கியது. அதைத்தான் பார்த்தார். காலையில் பார்த்ததற்கு முள் நன்றாகவே ஏறியிருந்தது. வாழ்நாளெல்லாம் அந்த முள்ளுக்குக் கட்டுப்பட்டவர். மனுஷனோடு வாதாடலாம், முள்ளோடு முடியாது. வாயே திறக்க மாட்டேன் என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தார்.

மனைவியைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்று கேட்டார்.

"குளிர் போனதும்."

"என்னது?"

"ஹீட்டர் வாங்கியிருந்தா குளிர் போற வரைக்கும்தானே போட்டிருப்போம்? எத்தனை நேரம்னு கணக்குல நீங்க சொல்லவே இல்லையே."

அவர் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் அறைக்குத் திரும்பிப் போனதும் அக்காளும் தங்கையும் எதற்கோ சிரிக்கத் தொடங்கினார்கள். மூன்று வருஷமாக இந்த வீட்டில் அந்தச் சத்தம் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் வலித்தது. வேலையைப் பறித்தது மெஷின். இந்தச் சிரிப்பைப் பறித்தது தான்தான் என்று தோன்றியது. இருந்தாலும் குளிர்காலம் பூராவும் சகலையோடா? மானத்தில் பாதியையாவது மிச்சம் பிடிக்க ஒரே வழிதான் இருந்தது. ஹீட்டர் வந்துவிட்டால் இவர்கள் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சகலையை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒரு ஹீட்டர் வேணும்."

"வண்டியிலேயே இருக்கு சகலை. அண்ணி நேத்தே சொல்லிட்டாங்க." சகலை தரையைப் பார்த்தார். "அந்த மெஷினை நான் விக்கலைன்னா வேற ஒருத்தன் வித்திருப்பான். ஆனா உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். தப்புதான்."

பாய்லர்காரர் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார்.

"எத்தனை வாட்?" என்று கேட்டார்.

"ஆயிரம்."

இரண்டு பேருமாகத் தூக்கிவந்து மாட்டினார்கள். கம்பி சிவந்தது. இப்போது கிளம்புவார்கள் என்று அவர் வாசல் செருப்புகளை ஜோடி ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். யாரும் அசையவில்லை. தங்கை ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளின் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். சகலை சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு மறுபடியும் அதே நாற்காலியில் சாய்ந்தார். மனைவி காலை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்த்தாள். நெற்றி வியர்த்திருந்தது. எழுந்து வெப்பமானியிடம் போய், துணிக்கு அளவெடுக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் அவரிடம் நிறுத்தினாள்.

"ஒரு நூறு வாட் கூடுதலா இருக்குங்க. நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க."