பார்க்கிங் பட்டனுக்கு எல் போர்டு

அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை இன்றைக்குக் கை கால் சுகமாக ரோட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு மனிதரும் மாடும் கோழியும் டபுள் பிரேக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும். விஷயம் தெரியாததால் யாரும் போடுவதில்லை. தெரிந்தவன் நான் ஒருவன். அதனால் அத்தனை பேர் சார்பிலும் சேர்த்து எழுதுகிறேன்.

டபுள் பிரேக் என்பது நாற்பது வயதுப் பெண்மணி. டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். அதற்கு ஓனர், மாஸ்டர், கார் துடைப்பவர் எல்லாம் அவரே. ஓட்டக் கற்றுக்கொடுக்கிற காரில் இடது பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் சொதப்பினால் மாஸ்டர் மிதிப்பதற்கு. அதைப் பதினைந்து வருஷம் மிதித்து மிதித்து அவர் கால் ஊருக்கே பிரேக் பிடிக்கப் பழகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் பின் சீட்டில் உட்கார்ந்து மிதிப்பார். கல்யாணப் பந்தியில் யாராவது சாம்பார் வாளியோடு ஓடிவந்தால் இலைக்குக் கீழே மிதிப்பார். ஒரு ரிசப்ஷனில் போட்டோகிராபர் பின்பக்கமாகவே நடந்து மேடை விளிம்புக்கு வந்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து இவர் மிதித்த மிதியில் முன் நாற்காலிக்காரர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். போட்டோகிராபர் விழுந்தார் என்பது வேறு விஷயம்.

இப்பேர்ப்பட்டவரிடம் ஐம்பத்தேழு வயதில் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மனைவி கமலாவின் முழங்கால். மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆறு வாரம் பிசியோதெரபி, ஒரு நாள் விடக்கூடாது. அதற்குள் முட்டி மடங்கிவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பிசியோதெரபி இடம் எஸ்டேட் பக்கம். ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். நான்கு நாள் அதைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் கார் வாங்கப் போய்விட்டேன்.

எனக்கு லைசென்ஸ் உண்டு. முன்னால் போகச் சொன்னால் டெல்லி வரைக்கும் போவேன். பின்னால் பத்தடி என்றால் சாவியைக் கீழே வைத்துவிடுவேன். எங்கள் ஃபிளாட்டில் எனக்கு விதித்த பார்க்கிங் இடமோ இரண்டு தூணுக்கு நடுவே. ஷோரூம் பையன் என் முகத்தைப் பார்த்தே வியாதியைக் கண்டுபிடித்துவிட்டான். "இந்த மாடல்ல ஒரு பட்டன் இருக்கு சார். அமுக்கிட்டுக் கையக் கட்டிட்டு உக்காருங்க. ஸ்டியரிங் தானா சுத்தி, வண்டி தானா உள்ள போயிடும்" என்றான். அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

வண்டி வந்தது. பட்டனை அமுக்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் டபுள் பிரேக்கைக் கூப்பிட்டேன்.

அவர் வந்தார், பட்டனைப் பார்த்தார், ஸ்டியரிங் தானாகச் சுற்றுவதைப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் துளியும் இல்லை.

"இத்துக்கு யாரு கத்துக்குடுத்தது?"

"கம்பெனியிலயே மேடம்."

"லைசென்ஸ் கீதா?"

"எனக்கா? இருக்கே."

"உங்களக் கேக்கல சார். ஓட்டப்போறது அதானே."

பையிலிருந்து இரண்டு எல் போர்டு எடுத்து முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கட்டினார். பிறகு அட்டெண்டன்ஸ் நோட்டைத் திறந்து எழுதினார். மாணவர் பெயர்: பார்க்கிங் பட்டன். வயது: இரண்டு வாரம். பயிற்சி: பத்து நாள்.

அடுத்து அவர் கேட்டது, டாஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்த புத்தகத்தை. நம் ஊரில் கார் வாங்கிய யாரும் அதைப் பிரித்துப் படித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஒல்லியான பொருள் தெரியாமல் போகலாம். உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் போகலாம். தாழ்வானது தெரியாமல் போகலாம். சென்சாரில் சேறு இருந்தால் எதுவுமே தெரியாமல் போகலாம். ஒவ்வொன்றின் முடிவிலும் சுற்றுமுற்றும் பார்ப்பது ஓட்டுநர் பொறுப்பு என்று இருந்தது.

"அதுவே சொல்லிக்கீது பாருங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு. நல்ல புள்ள, பொய் சொல்லல. பொய் சொன்னது ஷோரூம் பையன்தான்" என்றார்.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு காலி மனையில் பரீட்சை ஆரம்பித்தது. முதல் நாள் தண்ணீர் கேன் வைத்தார். கார் பீப் பீப் என்று கத்தியது. பாஸ். இரண்டாம் நாள் இரண்டு கம்புக்கு நடுவே கொடி கட்டி ஒரு போர்வையைக் காயப்போட்டார். கார் கத்தாமல் போய்ப் போர்வையை உடுத்திக்கொண்டு நின்றது. நோட்டில் ஃபெயில் என்று எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டார்.

ஆறாம் நாளை என்னால் மறக்க முடியாது. பட்டனை அமுக்கச் சொன்னார். ஸ்டியரிங் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத யாரோ என் மடியில் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி இருந்தது. திரையில் எல்லாம் பச்சை. ஒரு சத்தமும் இல்லை. வண்டி ஊர்ந்து ஊர்ந்து பின்னால் போகிறது. இடது சீட்டில் இருந்த டபுள் பிரேக் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் எங்க கீது?"

கால் சம்மணம் போடாத குறையாகத் தரையில் இருந்தது. அவசரமாகத் தூக்கி பிரேக்கில் வைத்தேன். அதற்குள் டயர் எதிலோ முட்டி நின்றது. அவர் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்த மிதியில் காலடி மேட் சுருண்டுவிட்டது.

இறங்கிப் பார்த்தேன். பின்னால், யாரோ தண்ணீர் சம்ப்புக்காகத் தோண்டிப் போட்ட ஆளுயரக் குழி. குழிக்கு இரண்டடி முன்னால் டபுள் பிரேக் ஒரு பனங்கட்டையைப் போட்டு, இரண்டு பக்கமும் முளையடித்து வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"ஏன் மேடம், குழின்னு கத்த வேண்டாமா அது?"

"ஒரு பொருள் இருந்தா கத்தும் சார். ஒண்ணுமே இல்லாத எடத்தப் பாத்து இன்னான்னு கத்தும்? எறங்கி சுத்திப் பாத்துட்டு ஏறினீங்களா நீங்க?"

"இல்ல."

"அப்ப அதும் ஃபெயிலு, நீங்களும் ஃபெயிலு."

கட்டையைப் பார்க்காததற்குப் பட்டனுக்கு இன்னொரு ஃபெயில் சேர்த்துப் போட்டார்.

எட்டாம் நாளிலிருந்து கமலாவையும் கூட்டிவரச் சொன்னார். முன் இடது சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, அதற்குப் பின்னால் அவளைக் காலை நீட்டி உட்காரவைத்தார். அவளுக்கும் ஒரு பாடம் உண்டு.

"அக்கா, நீங்களும் மிதிங்க."

"எனக்கு முட்டியே மடங்க மாட்டேங்குதும்மா."

"சரி, மடங்கற அன்னிக்கு மிதிங்க. வண்டில குந்திகினு கீறவங்க எல்லாரும் மிதிக்கணும். சாருக்கு ஒரு தைரியம்."

பத்தாம் நாள் ரிசல்ட். என்னை நிறுத்திவைத்து வாசித்தார். "நல்ல புள்ளதான். உங்களவுட சூப்பரா ஸ்டியரிங் சுத்துது. ஆனா தனியா உட முடியாது. எப்பவும் பக்கத்துல பெரியவங்க ஒர்த்தர் இருக்கணும், அது நீங்கதான். எறங்கிப் பாருங்க, கண்ணாடி பாருங்க, கால் பிரேக்குலயே இருக்கட்டும். எல் போர்டக் கழட்டாதீங்க."

அன்று சாயங்காலமே மூன்றாவது மாடி சாஃப்ட்வேர்க்காரர் போர்டைப் பார்த்துவிட்டார். "தானா பார்க் பண்ற காருக்கு எல் போர்டா அங்கிள்?" என்று சிரித்தார். ரோஷம் வந்துவிட்டது. இரண்டு போர்டையும் கழற்றி டிக்கியில் போட்டேன். ரோஷம் வரவேண்டிய விஷயத்துக்கு எனக்கு என்றைக்குமே வந்ததில்லை.

பதினோராம் நாள், டபுள் பிரேக் இல்லாமல் முதல் தடவை நானும் கமலாவும் கிளம்பினோம். எஸ்டேட் வரை ஒழுங்காகப் போனேன். பிசியோதெரபி இடத்துக்கு முன்னால் ரோட்டோரம் ஒரே ஒரு கார் இடம் காலியாக இருந்தது. முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு மீன்பாடி வண்டி. முன்பக்கம் பலகைத் தட்டும் பின்பக்கம் ஓட்டுகிறவர் சீட்டும் உள்ள மூன்று சக்கர வண்டி. ஓட்டுகிறவர் டீக்கடைக்குப் போயிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கமலாவுக்கு நேரம் ஆகிவிட்டது. இறங்கிப் பார்க்கவில்லை. அந்தக் காலி இடத்தைத் தாண்டி மெதுவாகப் போனேன், இடம் போதும் என்றது திரை. பட்டனை அமுக்கினேன்.

ஸ்டியரிங் சுற்றியது. வண்டி பின்னால் ஊர்ந்தது. திரையில் மீன்பாடி வண்டியின் டயர் தெரிந்தது, தூரத்தில், பத்திரமாக. பச்சை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரன் விடாமல் அடித்தான். காதுக்குள் மட்டும் அந்தக் குரல், கால் எங்க கீது, கால் எங்க கீது. கால் பிரேக்கில்தான் இருந்தது. அப்படியானால் கண்? கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன்.

கண்ணாடியில் கமலாவின் தலை. அதற்கு நேர் பின்னால், பின்கண்ணாடிக்கு வெளியே, ஒரு சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

மிதித்தேன்.

கார் குலுங்கி நின்றது. பின் சீட்டில் தொம் என்று ஒரு சத்தம். ஐயோ, குத்திவிட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. திரும்பாமலே அவள் பெயரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க?" என்றாள் கமலா.

இறங்கி ஓடினேன். மீன்பாடி வண்டியின் தட்டிலிருந்து கட்டடக் கம்பிகள், அந்தச் சிவப்புத் துணி கட்டிய முனை மேல்நோக்கி எழும்ப, ஏழெட்டு அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சென்சார் இருக்கிற பம்பருக்கு அவை ரொம்ப உயரம். கேமராவுக்கும் உயரம். கமலாவின் பின்னந்தலைக்கு மட்டும் சரியான உயரம். பின்கண்ணாடிக்கும் கம்பி முனைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. நான் கை வைத்து அளந்தேன். அவசரத்தில் அளந்ததால் ஒன்றரைச் சாணாகவும் இருக்கலாம்.

உள்ளே கமலா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொம் சத்தம் அவள் மிதித்தது. ஆபரேஷன் செய்த கால், டாக்டர் கெஞ்சியும் நான் அதட்டியும் மடங்காத கால், முட்டி மடங்கித் தரையில் ஊன்றி நின்றது.

அப்போதுதான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தேன். ஒரு ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் டபுள் பிரேக், வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றிருந்தார். லாரியை நிறுத்தச் சொல்லி, நொண்டி நொண்டி ரோட்டைத் தாண்டி வந்தார். கம்பியைப் பார்த்தார். காரைச் சுற்றி வந்தார்.

"போர்டு எங்க சார்?"

"டிக்கியில."

டிக்கியைத் திறந்தார். எடுத்துக் கட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை போட்டார்.

"நீ எப்படிம்மா இங்க வந்த?" என்றாள் கமலா.

"மொத நாளு தனியாப் போறவங்க எல்லாருக்கும் பின்னாடியே வருவேன் அக்கா. சொல்றதில்ல. சொன்னா என்னியத் தேடிகினே ஓட்டுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "இன்னிக்கு லாரி அட்ச்ச ஹாரன்ல நான் கத்தினது உங்களுக்குக் கேக்கல. மிதிக்கத்தான் முடிஞ்சிது" என்றார்.

அன்று மூன்று பேர் பிரேக் பிடித்தோம். வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றுதான். ஆனால் மற்ற இரண்டும் இல்லாமல் அந்த ஒன்று விழுந்திருக்காது என்றுதான் இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.

பிறகு அவர் நோட்டை எடுத்து, பட்டனுக்கு ஒரு ஃபெயில் போட்டார். இறங்கிப் பார்க்காததற்கு எனக்கு ஒன்று. அதற்குக் கீழே புதிதாக ஒரு பெயர் எழுதினார். கமலா அக்கா, பாஸ்.

இரண்டு வருஷம் முன்பு அவர் ஸ்கூலைத் திருவள்ளூர்ப் பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டார். கமலா இப்போது படியேறுகிறாள். எல் போர்டு வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை, இருந்தும் கழற்றவில்லை. பின்னால் எடுக்கும் முன் இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்க்கிறேன். கம்பி இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று பார்ப்பதாகத்தான் கமலாவிடம் சொல்வது. கூடவே எதிர்ப்பக்கம் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்வேன். எதுவும் நிற்பதில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் மெதுவாக எடுக்கிறேன்.