இரண்டுக்கு மட்டும் சரி

அன்பும் மரியாதையும் கலந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வாயாடி, கைகழுவி, பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பணிவோடு எழுதுவது. இங்கே அம்மா நலம், பூனை நலம், நானும் வெட்கமில்லாமல் மூன்று வேளை சாப்பிடுகிறேன். நலப் பட்டியல் இத்துடன் முடிந்தது.

பக்கவாதம் வந்து போனதில் அப்பாவுக்குக் கைகால் தப்பித்தது, எண்கள் மட்டும் போய்விட்டன என்று உங்களுக்குத் தெரியும். இப்போதும் அவர் டைல்ஸ் பதித்தால் மயிரிழை பிசகாது. ஆனால் நாலு டீ வாங்கி வரச் சொன்னால் கடை வாசலில் நின்று விழிக்கிறார். மேஸ்திரிக்கு இது தெரியாது, தெரிந்தால் வேலை போச்சு. அதனால் அளவு நாடாவில் அளந்த இடத்தில் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார், நான் படித்துக் கணக்குப் போட்டுச் சீட்டு எழுதுவேன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு ஆள்.

இதற்கிடையில் பரீட்சையில் x × x = 2x என்று எழுதி வைத்தேன். பெருக்கச் சொன்னால் கூட்டிவிட்டேன், வீட்டில் இரண்டும் ஒரே துடைப்பம்தானே மாமா. கணக்கு டீச்சர் சிவப்பில் x² என்று திருத்தினார். நான் சும்மா இருப்பேனா? "x-க்கு ரெண்டு போடுங்க டீச்சர். உங்களுதும் நாலு, என்னுதும் நாலு" என்றேன். வகுப்பே சிரித்தது. மூன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். எனக்கு ரெண்டே போதும் என்றேன், வெளியே நிற்கவைத்துவிட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே ஒரு கடை வாசற்படி வந்தது, இரண்டடிக்கு இரண்டடி. டைல்ஸ் ஓரடிச் சதுரம். நாலு என்று எழுதினேன், நாலும் கச்சிதமாக உட்கார்ந்தன, எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது ஒரு வீட்டின் படுக்கையறை, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. என் 2x கணக்குப்படியே இருபத்துநாலு என்று எழுதினேன். வேண்டியது நூற்றுநாற்பத்துநாலு. இருபது வருஷப் பழக்கம், அப்பா கொடுத்த சீட்டை மேஸ்திரி பிரித்துக்கூடப் பார்க்காமல் கடைக்கு அனுப்பிவிட்டார். வந்தது இரண்டே வரிசை. மறுநாள் வீட்டுக்காரர் சாமான்களோடு குடிவருகிறார், கடையில் அந்த நிறம் தீர்ந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் மேஸ்திரி சீட்டை ஆட்டி, யார் போட்ட கணக்கு இது என்று கேட்டாராம். "என் தப்புதான். கவனிக்காம எழுதிட்டேன்" என்றாராம் அப்பா. இந்த மாசம் வர வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை மாமா. திட்டியிருக்கலாம். நாடாவிலிருந்த கிளிப்பைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மேஸ்திரி உங்களோடு படித்தவர். தப்பு அப்பாவுடையது இல்லை, கணக்குப் போட்டது நான்தான் என்று நீங்கள் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு வணக்கம், குட்டிக்கு ஒரு குட்டு.

இப்படிக்கு,
வாயாடி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "கவனிக்காதவனை மறுபடி கூப்பிடுவாங்கம்மா. எண்ணத் தெரியாதவனைக் கூப்பிட மாட்டாங்க." ஆகவே மேஸ்திரியிடம் மூச்சு விடாதீர்கள். தப்பு அப்பாவுடையதுதான், நான் கணக்கில் புலி. இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். எத்தனை துண்டாக என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டோம்.